சாவி வாங்காத கை

எங்க கொம்பூரணி ஆஸ்பத்திரியில ரெஜினா சிஸ்டரோட இடது கை சாவியை வாங்க மாட்டேன்னு முரண்டு பிடிச்ச மத்தியானம்தான் சூரியன் தண்ணித்தொட்டிக்கு மேல வந்து நின்னுச்சு, நின்னது நின்னபடியே நின்னுச்சு, அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு எங்க ஊர்ல சாயங்காலம்னு ஒண்ணு வரவேயில்ல. வெளியூர்க்காரங்க கேட்டா வாயைப் பொளந்துக்கிட்டு அது எப்படி, எதனாலன்னு என் உசுரை வாங்குவாக. ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை போட்டிருக்கிற முத்தரசி நானு, எனக்கு அதெல்லாம் எங்கிட்டு தெரியும்? கண்டதைச் சொல்றேன், கேக்குறதுன்னா கேளுங்க, இல்லைன்னா டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க.

எங்க ஆஸ்பத்திரியில ஒரு வழக்கம் உண்டு. ஒரு நர்சு டூட்டி முடிச்சு வீட்டுக்குப் போகணும்னா அடுத்த நர்சு வந்து நிக்கணும், வந்தவ போறவளோட சேர்ந்து கட்டில் கட்டிலா நடந்து, இது யாரு, என்ன காய்ச்சல், எந்த மருந்து, எந்தக் கிழவன் ஊசியைப் பிடுங்கிப் போடுவான்னு எல்லாத்தையும் கேட்டுக்கணும், கடைசியில மருந்து அலமாரி, பிரசவ அறை, ஆக்சிஜன் ரூம் சாவியெல்லாம் கோத்த கொத்தைப் போறவ குடுக்க, வந்தவ வாங்கிக்கணும். மேசையில வைக்கக் கூடாது, ஆணியில மாட்டக் கூடாது, கைக்குக் கைதான். வாங்குனவ, "எடுத்துக்கிட்டேன், நீ கிளம்பு"ன்னு சொல்லணும். அந்தச் சொல்லு வந்தாத்தான் டூட்டி கைமாறும். இது எந்தச் சட்டத்துல இருக்குன்னு கேக்காதீக, நர்சுமாருக்குள்ள அப்படித்தான்.

முன்னாடி அதுக்கு ஆள் இருந்துச்சு. ஒருத்தி ரிட்டயர் ஆனா, அந்த இடத்துக்கு யாரும் வரல. ஒருத்தி முகாம் வேலைக்குப் போனா, போனவ போனவதான். மிஞ்சுனது ரெஜினாவும் வேணியும். வேணியையும் சும்மா கொஞ்ச நாளைக்குன்னு சொல்லி பெரிய ஆஸ்பத்திரிக்கு இரவல் வாங்கிட்டுப் போனாக, கொத்தமல்லி இரவல் வாங்குற மாதிரி. அதுலருந்து ரெஜினா ஒருத்திதான். மத்தியானம் டூட்டி முடியும், வாசலைப் பார்ப்பா, யாரும் வர மாட்டாக, வலது கையில இருக்கிற சாவியை இடது கைக்கு மாத்திக்கிட்டு, "எடுத்துக்கிட்டேன், நீ கிளம்பு"ன்னு தனக்குத்தானே சொல்லிச் சிரிச்சுக்கிட்டு மறுபடி முதல் கட்டில்ல ஆரம்பிப்பா. ராத்திரிக்கு இடதுலருந்து வலது. எப்பவாச்சும் பக்கத்து ஊர் நர்சு யாராச்சும் வந்து எட்டிப் பார்த்தா, அவ கையில சாவியைத் திணிச்சிட்டு பஸ்ஸுக்கு ஓடுவா. மேற்கே பஸ்ஸுல போற தூரத்துல அவ வீடு, புருஷன் சவரிமுத்து தச்சு வேலை, அமலின்னு ஒரு பச்சப்பிள்ள, இன்னும் பால்குடி மறக்காதது. கை முரண்டு பிடிச்ச அன்னைக்கும் காலையில அதுக்குப் பால் குடுத்து, சாயங்காலம் அம்மா வந்துருவேன்னு நெத்தியில முத்தம் குடுத்துட்டு வந்தவதான்.

அன்னைக்கு வார்டுல அப்பிடி ஒரு கூட்டம். ஊரெல்லாம் காய்ச்சல், கட்டிலுக்கு ரெண்டு பேரு, கட்டிலுக்கு அடியில ஒருத்தன், நடையில பாய் விரிச்சு வரிசையா சனம். ரசாக் டாக்டர் தங்கமான மனுசன், ஆனா மூணு ஊருக்கு அவர் ஒருத்தர்தான், காலையில வந்து நின்னுக்கிட்டே பாதித் தூக்கம் தூங்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிட்டாரு. பிரசவ அறையில நாகவள்ளின்னு தலைப்பிரசவக்காரி வலியில கத்திக்கிட்டு இருக்கா. மொளகா மண்டி சேதுராமுவோட அய்யா மூச்சுக்குத் திணறி ஆக்சிஜன்ல கிடக்காரு. நான் டீ வாளியோட உள்ள போறேன், ரெஜினா வார்டு நடுவுல நின்னு வலது கையால சாவியை இடது கைக்குக் குடுக்கா. இடது கை தொங்குது. மறுபடி குடுக்கா. விரல் மடங்கல. சாவிக்கொத்து தரையில விழுந்துச்சு.

"முத்தரசியக்கா, என் கை வாங்க மாட்டேங்குதுக்கா."

கரண்டு போயிருச்சுன்னு சொல்ற மாதிரிதான் சொன்னா.

"மரத்துப் போயிருக்கும்த்தா. நல்லா உதறு."

உதறுனா. தடவுனா. அதே கையால நாகவள்ளி வயித்தைத் தொட்டுப் பார்த்தா, கிழவருக்குத் தலகாணியைச் சரி பண்ணுனா, எல்லா வேலையும் செய்யுது. சாவியைக் குடுத்தா மட்டும் செத்த கை மாதிரி தொங்குது. நான் வெளிய வந்து பார்த்தா தண்ணித்தொட்டி நிழலு எங்க இருந்துச்சோ அங்கேயே இருக்கு.

பள்ளிவாசல்ல மோதினார் நிழல் நீளட்டும்னு பார்த்துப் பார்த்து சலிச்சு, கடைசியில கடிகாரத்தைப் பார்த்து பாங்கு சொன்னாரு. மல்லியப்பூ மொட்டு மொட்டாவே நின்னு கருகுச்சு. கோழி எங்க அடையிறதுன்னு தெரியாம தெருவுல சுத்துச்சு. ஊர் எல்லை நெடும்பாலத்தைத் தாண்டுனா ராத்திரி பகல் ஒழுங்கா நடக்குது, பாலத்துக்கு இங்கிட்டு வெயில். ரெண்டு நாள் பயந்தாக, மூணாவது நாள் பஞ்சாயத்துல சங்கு ஊதி ஒரு ஊதலுக்கு விடியல், ரெட்டை ஊதலுக்கு அந்தின்னு வச்சுக்கிட்டாக, அவ்வளவுதான், எங்க சனத்துக்கு எல்லாம் பழகிப்போகும். சன்னலுக்குக் கறுப்புத் துணி தைச்சுக் குடுத்தே டெய்லர் மாரிச்சாமி வீடு கட்டுனான். புதுசா கல்யாணம் ஆன பிள்ளைகளுக்குத் தார்ப்பாயைக் கட்டி இருட்டு உண்டாக்கிக் குடுத்தாக. மொளகாக்காரங்களுக்கு வந்த வாழ்வைச் சொல்லணுமே, மாடியில காயப் போட்டான், ரோட்டுல காயப் போட்டான், பள்ளிக்கூட மைதானத்துல காயப் போட்டான், மேகமில்ல பனியில்ல, ஊரே செக்கச் செவேல்னு கிடந்து எல்லாரும் தும்மிக்கிட்டே சிரிச்சாக. எனக்கும் ஏவாரம்தான், பொய் சொல்ல மாட்டேன், ஓயாத மத்தியானத்துக்கு ஓயாத டீ.

வார்டுக்குள்ளதான் வேற கூத்து. வெளிய நேரம் நடந்துச்சு, மசுரு வளந்துச்சு, அரிசி தீந்துச்சு. வார்டுக்குள்ள டூட்டி கைமாறாததுனால யாருக்கும் எதுவும் முடிவுக்கு வரல. காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் ஏறவுமில்ல, எறங்கவுமில்ல. நாகவள்ளிக்கு வலி வருது, போகுது, வருது, பிள்ள தலை வந்த எடத்துலயே நிக்குது. சேதுராமு அய்யாவுக்கு மூச்சு இழுக்குது, ஆனா நிக்க மாட்டேங்குது. ரெஜினாவுக்குத் தூக்கம் கண்ணு வரைக்கும் வருது, உள்ள எறங்க மாட்டேங்குது. மாருல காலையில கட்டுன பால் கட்டுனபடியே கெடந்து சட்டையை நனைக்குது, நான்தான் துண்டு மாத்திக் குடுப்பேன். மத்த எல்லாருக்கும் ஓடிப் போறதுக்கு வீடு இருந்துச்சு, அவளுக்கு மட்டும் ஒரே மத்தியானம். ஒருதடவை வாசப்படி வரைக்கும் வந்தா, சாவியைத் தரையிலயே போட்டுட்டுப் போயிடவான்னு கேட்டா, பின்னாடி நாகவள்ளி "சிஸ்டர்"னு அலறுனா, திரும்பிட்டா.

அப்புறம்தான் எந்தப் பாவியோ கண்டுபிடிச்சான், கொம்பூரணி வார்டுல படுத்தா சாவு வராதுன்னு. வந்தாக பாருங்க காரு காரா! டாக்டர் கைவிட்ட அப்பன், வெளிநாட்டுலருந்து மகன் வர்ற வரைக்கும் தாங்க வேண்டிய ஆத்தா, எழுதிக் குடுக்க வேண்டிய சொத்தை இன்னும் எழுதிக் குடுக்காத பெரியப்பன், எல்லாரையும் கொண்டாந்து படுக்க வச்சாக. நடை நெறஞ்சு, வாசல் நெறஞ்சு, வேப்பமரத்தடி நெறஞ்சு, என் கடை பெஞ்சு வரைக்கும் நோயாளி. பார்க்க ஒரே ஒருத்தி. "தெய்வம்மா நீ"ன்னு கால்ல விழுவாக, எந்திரிச்சு, "எங்கய்யாவுக்கு ஊசி இன்னும் போடல, என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"ன்னு சத்தம் போடுவாக. கேட்டுல அவ படத்தைப் போட்டு இருபதடி பேனர் வச்சாக. அவ அந்தப் பக்கமே பார்க்க மாட்டா.

சூரியன் நின்னதுலருந்து பக்கத்து ஊர் நர்சு ஒருத்தியும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. கையைச் சரி பண்ணப் பார்க்கலைன்னு சொல்ல முடியாது. எலும்பு வைத்தியர் வந்து எண்ணெய் போட்டு நீவுனாரு. நாகவள்ளி ஆத்தா சாவியை அந்தக் கையில வச்சு சேலைக் கிழிசலால இறுக்கிக் கட்டுனா, சூரியன் அசையல, கட்டிவச்சதை வாங்குனதுன்னு சொல்ல முடியுமா? பஞ்சாயத்துத் தலைவர் வந்து சாவியை வாங்கி, "எடுத்துக்கிட்டேன்"னு சொல்லி, போட்டோ எடுத்துக்கிட்டு, திருப்பிக் குடுத்துட்டுப் போனாரு. நானும் வாங்கிப் பார்த்தேன், மனசெல்லாம் அடுப்புல பால் பொங்குமேன்னு இருந்துச்சு, அது அப்படி வாங்குனா ஆகாது போல. ரசாக் டாக்டர் ஒருநாள் வந்து வாங்கிப் பார்த்தாரு, கை மூடுச்சு, மனுசன் வாய் தொறந்து சொல்லவும் செஞ்சாரு, ஒண்ணும் நடக்கல.

"ரெண்டு ஊரு டூட்டி ஏற்கெனவே என் கையில இருக்கும்மா, அதான்"னு சொல்லிட்டு அவர் கண்ணைத் தொடைச்சதை நான் பார்த்தேன்.

"சார், வேணியை அனுப்பச் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேணாம். ஒரு ஆளு"ன்னா ரெஜினா.

சொன்னாரு. எழுதியும் போட்டாரு. மேல இருந்து ஆபீசர் ஒருத்தர் வந்தாரு, தொப்பியைப் போட்டுக்கிட்டு வானத்தைப் பார்த்தாரு, வார்டைப் பார்த்தாரு, என் கடையில டீ குடிச்சுக்கிட்டே தீர்ப்பைச் சொன்னாரு. "இங்க மத்தியானம் முடியல, சரியா? அப்போ அடுத்த ஷிப்ட்டு ஆரம்பிக்கல. ஆரம்பிக்காத ஷிப்ட்டுக்கு ஆள் போட முடியாதும்மா. இந்த ஊருக்கு ஒரு ஷிப்ட்டு, ஒரு நர்சு, கணக்குச் சரியா இருக்கு." வேணியை நிரந்தரமா பெரிய ஆஸ்பத்திரிக்கே மாத்திட்டாக. காலியா கிடந்த மத்த நர்சு இடமெல்லாம் உபரின்னு எடுத்துட்டாக. ஆர்டரைக் கேட்டுட்டு ரெஜினா அடுத்த கட்டிலுக்குப் போயிட்டா. அந்த ஆளு குடிச்ச கிளாஸை நான் கழுவக்கூட இல்ல, வீசிட்டேன்.

ஊர்க்காரங்க நெனைச்சிருந்தா ரோட்டுல உக்காந்திருக்கலாம். எதுக்கு உக்காரணும்? மொளகா காயுது, அப்பன் சாகல. ரெஜினா சேதுராமுகிட்டயே நேராக் கேட்டா, நான் பக்கத்துல நிக்கேன்.

"அண்ணே, நாலு பேரு சேர்ந்து போய் ஒரு நர்சு வேணும்னு கேளுங்கண்ணே. நான் வீட்டுக்குப் போகணும்."

"நீயும் எனக்குத் தங்கச்சி மாதிரிதான்த்தா, மறுக்கல. ஆனா சாயங்காலம் வந்தா எங்கய்யா போயிருவாருத்தா. அவர் முகத்தைப் பார்க்காம எனக்கு ஓடாது."

"அவரு என்ன சொல்றாருன்னு கேட்டீகளா?"

கிழவர் முகமூடியை விலக்கி, மூச்சுக்கு ஒரு எழுத்தா, "போ... தும்"னாரு. சேதுராமு அதைக் காதுல வாங்காத மாதிரி முகமூடியைத் திருப்பி வச்சிட்டு, மாடியில மொளகா கிண்டணும்னு எந்திரிச்சுப் போயிட்டான்.

அந்தப் பக்கம் நாகவள்ளி ஆத்தா வேற அழுகை. "எம்மகளை இப்படி வதைக்கிறியே, ஒரே ஒரு டூட்டி எடுத்துக்கிட்டா என்ன தாயி குறைஞ்சா போயிருவ?"ன்னு மூக்கைச் சிந்துவா. ரெஜினா தன் கையையே அடிப்பா. சுவத்துல வச்சு அடிப்பா. "வாங்கித் தொலையேன், சனியனே, வாங்கேன்!" நான்தான் பிடிச்சு நிறுத்துவேன்.

பிள்ளையை ஏன் கூட்டி வரலைன்னு கேப்பீக. அவ மாமியார் விடல, அந்த வெயிலுக்குள்ள பச்சப்பிள்ளையைக் கொண்டுபோனா வளர்த்தி நின்னுபோகும்னு பயம். சவரிமுத்து போன்லதான் காட்டுவான். முதல்ல அமலி குப்புற விழுந்துச்சு. அப்புறம் தவழ்ந்துச்சு. பல்லு தெரிஞ்சுச்சு. ஒரு கையில ஊசியும் ஒரு கையில போனுமா ரெஜினா பார்ப்பா, கண்ணு நெறையும், அதுக்குள்ள வேப்பமரத்தடியிலருந்து யாராச்சும் கூப்பிடுவாக, போனை என் கையில குடுத்துட்டு ஓடுவா. பாதிப் படத்தை நான்தான் பார்த்து முடிப்பேன். நின்னுச்சு. நடந்துச்சு. பாட்டி கையால சோறு தின்னுச்சு. ஒருநாள் சவரிமுத்து போனைத் திருப்பி, "அம்மா பாரு"ன்னான், அது போனுக்குப் பின்னாடி யார் இருக்கான்னு தேடுச்சு.

அதைப் பார்த்தப்புறம் அவளுக்குப் பொறுக்கல. "கூட்டிட்டு வந்துருங்க, வளரலைன்னாலும் பரவால்ல, நான் ஒருதடவை தூக்கணும்"னு அழுதா. சவரிமுத்து ஆத்தாகிட்ட சண்டை போட்டுத் தூக்கிட்டு வந்துட்டான்.

ரெட்டைச் சங்கு ஊதி முடிச்ச நேரம். பிள்ளை தலையில துண்டைப் போட்டு, மொளகாயை மிதிக்காம ஓரமா நடந்து வந்தான். நான் கடையை அப்படியே போட்டுட்டு பின்னாலயே போனேன். வார்டு நடுவுல ரெஜினா நிக்கா, ஊசி போட வச்சிருந்த தட்டைக் கீழ வச்சா, முட்டி போட்டு உக்காந்தா, ரெண்டு கையையும் நீட்டுனா. சட்டையில பால் ஊறுது.

"அமலி... அம்மாடி... அம்மாகிட்ட வா."

பிள்ளை அப்பன் காலைக் கட்டிக்கிட்டு அவன் வேட்டிக்குள்ள மூஞ்சியை ஒளிச்சுக்குச்சு. சவரிமுத்து, "அம்மாடா, போடா, அம்மா"ன்னு தள்ளித் தள்ளி விடுறான், அது வீல்னு கத்துது. நடையில படுத்திருந்த சனமெல்லாம் மூச்சு விடாம பார்க்குது. ரெஜினா நீட்டுன கையை மடக்கவே இல்ல.

நீட்டுன வலது கையில சாவிக்கொத்து இருந்துச்சு. அவ கை அசைஞ்சதுல அது குலுங்குச்சு. பிள்ளை அழுகையை நிறுத்திட்டு எட்டிப் பார்த்துச்சு. அம்மாவைப் பார்க்கல, சாவியைப் பார்த்துச்சு. எந்தப் பிள்ளைதான் சாவியைப் பார்த்துட்டு விடும்? தத்தக்கா பித்தக்கான்னு நடந்து வந்துச்சு. ரெஜினாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு, இன்னும் கொஞ்சம் குலுக்குனா, வா வா வான்னா. அது வந்து ரெண்டு கையாலயும் சாவியை வெடுக்குனு பிடுங்கி நெஞ்சோட அணைச்சுக்கிச்சு. சொல்லு வராத பிள்ளைதான், ஆனா முழு மனசா வாங்கிக்கிச்சு.

தண்ணித்தொட்டி நிழலு நகந்துச்சு.

ஓடுன நிழலு கேட்டைத் தாண்டி, என் கடையைத் தாண்டி, ரோட்டுல கிடந்த மொளகா மேல ஏறிப் போச்சு. காத்து வந்துச்சு. கோழியெல்லாம் கத்திக்கிட்டு ஓடுச்சு. பிரசவ அறையில நாகவள்ளி அடித்தொண்டையிலருந்து ஒரு சத்தம் போட்டா, அதுக்கு மேல புதுசா ஒரு சின்னச் சத்தம் கேட்டுச்சு, அவ ஆத்தா, "வந்துருச்சு, வந்துருச்சு!"ன்னு கூவுனா. சேதுராமு அய்யா நீளமா ஒரு மூச்சு விட்டாரு, அடுத்தது இழுக்கல. அவர் முகம் எம்புட்டு அமைதியா ஆச்சுன்னு நான் பார்த்தேன். தெருவுல சனம் விசிலடிச்சு, வெடி போட்டு, அந்தியப் பாருங்கடா அந்தியப் பாருங்கடான்னு ஓடுறாக, நடந்து போக முடிஞ்ச நோயாளியெல்லாம் வெளிய ஓடிட்டான், சவரிமுத்துகூட சன்னல்கிட்டப் போய் நின்னுட்டான்.

ரெஜினா மட்டும் பிள்ளையையே பார்த்துக்கிட்டு இருந்தா. அமலி சாவியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வார்டு நடுவுல நின்னுச்சு. முகத்துல விளையாட்டே இல்ல. முதல் கட்டில்ல ஒரு கிழவி, "தண்ணி"ன்னு முனகுனா. பிள்ளை திரும்பிப் பார்த்துச்சு. அந்தக் கட்டிலைப் பார்த்து ஒரு எட்டு வச்சுச்சு.

"அய்யோ!"ன்னா ரெஜினா. அப்படி ஒரு சத்தத்தை நான் அந்தப் பிரசவ அறையிலகூடக் கேட்டதில்ல. தாவிப் போய்ப் பிள்ளையைப் பிடிச்சா. "குடுடா கண்ணு, இந்த டூட்டி உனக்கில்ல, அம்மாகிட்ட குடு." குடுக்கல. அந்தச் சின்னக் கைக்கு எங்கிருந்து அம்புட்டு பலம் வந்துச்சோ. அப்பத்தான் பார்த்தேன், இம்புட்டு காலமா வாங்க மாட்டேன்னு தொங்குன அந்த இடது கை தன்னால எந்திரிச்சு வந்துச்சு. பிள்ளையோட விரலை ஒண்ணொண்ணா விலக்குச்சு. சாவிக்கொத்தை வாங்கி, இறுக்கி மூடுச்சு.

பிள்ளை நெத்தியில உதட்டை வச்சு ரெஜினா சொன்னா: "எடுத்துக்கிட்டேன். நீ கிளம்பு."

சவரிமுத்து, சாவி வேணும் சாவி வேணும்னு கை நீட்டி அழுத பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு கடைசி பஸ்ஸுக்கு நடந்தான். வார்டு இருட்டிக்கிட்டு வந்துச்சு. "யாராச்சும் லைட்டைப் போடுங்க"ன்னு ரெஜினா குரல் குடுத்தா. எல்லாரும் வெளிய சாயங்காலம் பார்த்துக்கிட்டு இருந்தாக. அவளே போய்ப் போட்டுட்டு, முதல் கட்டில் கிழவிக்குத் தண்ணி எடுத்துட்டுப் போனா.